தேதி இல்லாத பலகையும் 500 ரூபாய் அபராதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் 26 வருடமாகச் சிறிய அச்சகம் ஒன்று நடத்திவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, ஆடி மாதக் கூழ் வார்க்கும் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புத்தகம், வக்கீல்களுக்கு வக்காலத்துப் படிவம் என்று வருகிற வேலை எல்லாவற்றையும் அடிப்பேன். ஒரு நோட்டீஸில் என்னென்ன இருந்தால்தான் அது நோட்டீஸ் என்பது பிழைப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதனால்தான் வீட்டு வாசலில் நின்ற என் வண்டிக்குப் போட்ட 500 ரூபாய் அபராதத்தைப் பேசாமல் கட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை பிறந்தால் எங்களுக்குக் காலண்டர் சீசன். கடைக்காரர்கள் கொடுக்கும் தினசரி காலண்டர் ஆர்டரைச் சேர்த்துக்கொண்டு வருடா வருடம் சிவகாசிக்குப் போவேன். இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். புறப்படுவதற்கு முன் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் என் பழைய ஆம்னி வேனை வீட்டு வாசலில், சுவரை ஒட்டி, எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். ஆண்டர்சன் தெருவிலிருந்து பேப்பர் ரீம் ஏற்றிவருகிற வண்டி அது. எங்கள் தெருவின் அகலம் 18 அடி. கிழக்குப் பக்கம் வண்டி நிறுத்தலாம், மேற்குப் பக்கம் கூடாது. தெருமுனையில் நீலப் பலகை இருக்கிறது. என் வீடு கிழக்குப் பக்கம். ஒன்பது வருடமாக அங்கேதான் வண்டி நிற்கிறது, ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்து உண்டான பேட்டை இது. கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே போட்ட மனைகள். வாசற்படி நேரே தெருவில்தான் இறங்கும். காம்பவுண்டு கிடையாது, உள்ளே வண்டி விட இடம் கிடையாது. வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெருவில்தான் நிறுத்தியாக வேண்டும். அதனால் அந்த நீலப் பலகை எங்களுக்கு மிகவும் முக்கியம். அது அனுமதித்த இடத்தை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை 11.12 மணிக்கு, சிவகாசியில் ஒரு மளிகைக் கடைக் காலண்டரின் ப்ரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்போனில் மெசேஜ் வந்தது. என் வண்டி நம்பர், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியதாக ஒரு வரி, 500 ரூபாய், ஒரு லிங்க். வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய் எங்கோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பதறினேன். வீட்டுக்குப் போன் போட்டேன். “வண்டி இங்கதாங்க நிக்குது. தெருவுலதான் ஜே.சி.பி. வந்திருக்கு” என்றார் என் மனைவி.

லிங்கைத் திறந்தேன். வண்டியின் பின்பக்கத்தை எடுத்த ஒரே ஒரு படம். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. பின் கதவில் பெரிய எழுத்தில் என் அச்சகத்தின் பெயரும், அதற்குக் கீழே என் செல்போன் எண்ணும் தெரிகின்றன. தடைப் பலகை எதுவும் அந்தப் படத்தில் இல்லை. படம் எடுத்தவர் நம்பர் பிளேட்டை வாசித்தபோது, அதற்கு ஓர் அடி மேலே இருந்த பத்து எண்களையும் வாசித்திருக்கலாம். ஒரு போன் வந்திருந்தால் போதும். வண்டிச் சாவி வீட்டு ஆணியில் தொங்கியது. என் தம்பி மகன் இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். ஐந்து நிமிடத்தில் எடுத்திருப்பான்.

புதன்கிழமை காலையில் வந்து இறங்கியதும் பையைக்கூட உள்ளே வைக்காமல் பலகையைத் தேடினேன். பலகை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். யாருடைய பிறந்தநாளுக்கோ அடித்த ஃபிளெக்ஸை இரண்டு அடிக்கு ஒன்றரை அடியாக வெட்டி, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் மார்க்கரால் “நோ பார்க்கிங், வேலை நடக்கிறது” என்று எழுதி, நீல நைலான் கயிற்றால் மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். எழுத்து வடக்குப் பார்த்து இருந்தது. என் வீடு கம்பத்துக்குத் தெற்கே. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது, அந்தப் பழைய ஃபிளெக்ஸின் பாதி மாலையும் ஒரு தோளும்தான் தெரியும். “யாருக்கோ பொறந்த நாள் பேனர்னு நெனச்சேங்க” என்று மனைவி சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. தன்னால்தான் அபராதம் வந்தது என்று இரண்டு நாளாக மனதுக்குள் போட்டு உருட்டியிருக்கிறார். 500 ரூபாயைவிட எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீர் பட்டால் கரையும் மார்க்கர். மழைத் தூறலில் ‘வேலை’ என்ற சொல் பாதி வழிந்துவிட்டது. என்றைக்கிலிருந்து என்றைக்கு வரை, எத்தனை மணிக்கு, தெருவின் எந்தப் பக்கம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எதுவும் இல்லை. யார் உத்தரவு என்று இல்லை. கேட்க ஒரு போன் நம்பர் இல்லை.

எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருப்பவர், திங்கள் ராத்திரி கடை எடுத்துவைக்கிற நேரத்தில் டூ வீலரில் இரண்டு பேர் வந்து கட்டினார்கள் என்றார். பக்கத்து மெடிக்கலில் கேமரா இருக்கிறது. கடைக்கார அண்ணன் மறுபேச்சில்லாமல் போட்டுக் காட்டினார். திங்கள் ராத்திரி 10.20. கம்பத்தில் கயிற்றைச் சுற்றும் ஆள், அவருக்குப் பின்னால் என் ஆம்னி, அதற்குப் பின்னால் என் வீட்டுக் கதவு, மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன. கட்டிய 13 மணி நேரத்துக்குள் அபராதம் வந்துவிட்டது. நான் வண்டி நிறுத்தியது அதற்கு 29 மணி நேரம் முன்பு. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. தடைதான் வந்து அதன் மேல் ஏறியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நடந்தது பாதாளச் சாக்கடைக் குழாய் மாற்றும் வேலை. மழைக்காலத்தில் மேன்ஹோல் பொங்கி வாசலில் நின்றதை அனுபவித்தவர்கள் நாங்கள். அந்த வேலை நடக்க வேண்டும் என்று மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அபராதமே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு வரிசையாக வண்டியை விட்டுவிட்டு ஜவுளி எடுக்கப் போய்விடுவார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். அவர்களுக்கு அபராதம் போடட்டும், நான் கைதட்டுவேன். ஆனால் அனுமதி உள்ள இடத்தில் அனுமதி உள்ள நேரத்தில் நிறுத்தியவனுக்கு, அந்த அனுமதியை எடுத்துவிட்டோம் என்பதைச் சொல்லாமலே அபராதம் போடுவது வேறு விஷயம்.

அபராதம் போட்ட அலுவலகத்துக்குப் போனேன். மெடிக்கல் கேமராப் பதிவைப் பென் டிரைவில் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், பதிவைப் பார்த்தார். “சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா மெஷின்ல ஏறிடுச்சு, கேன்சல் பண்ற அதிகாரம் எங்கிட்ட இல்ல. கோர்ட்ல பாத்துக்கோங்க” என்றார். பலகையை யார் கட்டியது என்று கேட்டேன். அது குழாய் வேலைக்காரர்களுடையது என்றார். குழாய் வேலைக்காரர்களிடம் கேட்டால், “நாங்க பலகைதான் கட்டுனோம், ஃபைன் போட்டது அவங்க” என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நடுவில் நான் நின்றேன்.

வக்காலத்துப் படிவம் அடிக்க வரும் வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் அடுத்த முறை வரும்போது சட்டப் புத்தகத்தையே கொண்டுவந்துவிட்டார். அபராதத்தில் குறிப்பிட்டிருந்தது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122. மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ, இடைஞ்சலாகவோ, அளவுக்கு மீறிய சிரமம் தரும்படியோ வண்டியைப் பொது இடத்தில் விட்டுப் போகக் கூடாது என்கிறது அது. தண்டனை பிரிவு 177-இன்படி. 2019-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 500 ரூபாய், அடுத்த தடவையிலிருந்து 1,500. சரி, இதெல்லாம் எனக்கு எதிரான பக்கம்.

அதே புத்தகத்தில் பிரிவு 117 இருக்கிறது. வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பது மாநில அரசு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு. அதுவும் உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. அப்படித் தீர்மானித்து நட்ட நீலப் பலகையை, டூ வீலரில் வந்த இரண்டு பேர் ஒரு ஃபிளெக்ஸ் துண்டால் செல்லாததாக்க முடியுமா? பிரிவு 115-ஐயும் வக்கீல் காட்டினார். அது வண்டி ஓட்டுவதைத் தடுப்பது பற்றியது, நிறுத்துவது பற்றியது அல்ல என்று அவரே சொன்னார். ஆனாலும் அதில் ஒரு வரி என் மனதில் நின்றுவிட்டது. ஒரு சாலையில் போக்குவரத்தைத் தடை செய்தால் தகுந்த இடங்களில் அதற்குரிய அடையாளப் பலகைகளை வைக்க வேண்டும். தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் போட வேண்டியதில்லை, ஆனால் சூழ்நிலைக்கு ஏற்றபடி அந்த வட்டாரத்தில் விளம்பரம் செய்தாக வேண்டும். ஒரு சாலையையே மூடுகிறவர்களுக்கு இந்தக் கடமை இருக்கிறது. வாசலில் நிற்கிற வண்டியை எடு என்று சொல்வதற்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா?

எல்லோரும் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான். “ஐந்நூறு ரூபா தானேப்பா, கட்டிட்டு வேலையைப் பாரு.” என் மிஷின்மேன் சொன்னார், என் மைத்துனர் சொன்னார், கேமராப் பதிவைக் கொடுத்த மெடிக்கல் அண்ணனும் சொன்னார். கட்டிவிடத்தான் நினைத்தேன். அப்போதுதான் அக்கா மகள் லண்டனிலிருந்து பேசினாள்.

அவள் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறாள். அங்கே குடியிருப்பவர்களுக்கென்று தெருவில் கோடு போட்டு இடம் ஒதுக்கி, வருடத்துக்கு இவ்வளவு என்று நகராட்சி கட்டணம் வாங்கிக்கொண்டு பெர்மிட் கொடுக்கிறது. மரம் வெட்டவோ, குழாய் தோண்டவோ, யாராவது வீடு மாற்றவோ தேவைப்பட்டால் அந்த இடத்தைச் சில நாளுக்கு நிறுத்திவைப்பார்கள். அந்த நாளில் பெர்மிட் இருந்தாலும் வண்டி நிற்கக் கூடாது. போன வருடம் அவளுக்கும் இதேதான் நடந்தது. வெள்ளிக்கிழமை வாசலில் காரை விட்டுவிட்டு ரயிலில் லெஸ்டருக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை திரும்பினால் கண்ணாடியில் அபராத நோட்டீஸ். கம்பத்தில் மஞ்சள் பலகை, திங்கட்கிழமை முதல் மரக்கிளை வெட்டும் வேலை என்று. பலகையில் தேதியும் நேரமும் இடமும் இருந்தன, அது வரைக்கும் சரி. ஆனால் அவள் வண்டி விட்டபோது அந்தப் பலகை அங்கே இல்லை.

“மாமா, மத்ததெல்லாம் அப்புறம். போர்டு எப்ப வச்சாங்கன்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் அவங்ககிட்ட பதில் இருக்காது” என்றாள். அவள் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

அங்கே எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. அதே 14 நாளுக்குள் முதலில் சாதாரணமாக ஒரு கடிதம் எழுதி ஆட்சேபம் சொல்லலாம். நகராட்சி அதை நிராகரித்தால்கூடப் பெரும்பாலும் பாதித் தொகைச் சலுகையை மறுபடி கொடுக்கிறார்கள், ஆட்சேபித்ததற்காக அந்தச் சலுகை பறிபோவதில்லை. அவள் கடிதத்தை நிராகரித்தார்கள், அவள் கட்டவில்லை. அதற்கடுத்து வண்டி உரிமையாளர் பெயருக்கு முறையான நோட்டீஸ் வரும். அதற்கு 28 நாளுக்குள் முறையான மனு கொடுக்க வேண்டும். நகராட்சி 56 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் மனுவை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அங்கேயும் நிராகரித்தால் 28 நாளுக்குள் நகராட்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டச் சொல்வது அபூர்வம்.

அவள் வேலைக்குப் போகிற இடத்தில், மதிய இடைவேளையில், போனிலேயே விசாரணை நடந்தது. இருபது நிமிடம். பலகை வைத்த நாளுக்கான பதிவை நடுவர் கேட்டிருக்கிறார். ஒப்பந்தக்காரரின் தாளில் சனிக்கிழமை என்று இருந்தது. அவள் வண்டி விட்டது வெள்ளிக்கிழமை. அபராதம் ரத்து. எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று, அந்த ஊர்க்காரர்களுக்கும் இதில் அலைச்சல் உண்டு என்றாள். ஆனால் ஒரு நாள்கூட அவள் சம்பளத்தை இழக்கவில்லை.

இதில் ஒரு அடிப்படை வித்தியாசம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்துவது அங்கே பெரும்பாலும் குற்றமல்ல. 1991-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு லண்டனில் அந்த வேலை போலீஸிடமிருந்து நகராட்சிகளுக்குப் போனது. அது ஒரு சிவில் விவகாரம், நகராட்சிக்கும் வண்டிக்காரருக்கும் இடையில் ஒரு கணக்கு. நம்மிடம் அது இன்னமும் குற்றம். அதனால் என் பக்க நியாயத்தை நான் சொல்ல வேண்டுமென்றால், குற்றம் சாட்டப்பட்டவனாக நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும்.

நம்மூரிலும் இணையத்திலேயே அபராத வழக்கைப் பார்க்கும் மெய்நிகர் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அபராதம் அங்கே போய்ச் சேர்ந்ததும் வண்டி நம்பரைப் போட்டுத் திறந்தால் இரண்டு வழி காட்டும். தொகையைக் கட்டுகிறேன் என்பது ஒன்று, வழக்கை எதிர்க்கிறேன் என்பது மற்றொன்று. கட்டுவதற்கு இரண்டே நிமிடம், கூகுள் பேயில்கூடக் கட்டலாம். எதிர்க்கிறேன் என்று அழுத்தினால் அந்தத் திரையோடு மெய்நிகர் முடிந்துவிடுகிறது. வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். பலகை எப்போது வைத்தீர்கள் என்று கேட்கவோ, கேமராப் படத்தை ஏற்றவோ நான் பார்த்தவரை அங்கே இடமில்லை.

நான் எதிர்க்கிறேன் என்றுதான் அழுத்தினேன். அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. விவரம் கேட்டு இரண்டு தடவை ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் அச்சகம் மூடல். மிஷின் ஓடாத நேரத்துக்கும் மிஷின்மேனுக்கு நான் கூலி கொடுக்கிறேன், அவர் வயிறு காய முடியாது. அபராதத் தொகையைத் தாண்டி எப்போதோ போய்விட்டேன். தை முகூர்த்தப் பத்திரிகைகள் காத்திருக்கிற நேரம் இது. இடையில் வண்டியை விற்கவோ, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கவோ போனால் பாக்கி அபராதம் என்று குறுக்கே நிற்கும். ஆட்டோ ஓட்டுபவர், மீன் வண்டிக்காரர், காசிமேட்டிலிருந்து விடியற்காலை கூடை ஏற்றி வரும் பெண்கள், இவர்கள் யாருக்கு இப்படி அரை நாளை விட்டுக்கொடுக்க முடியும்? நியாயம் அவர்கள் பக்கம் இருந்தாலும் கட்டிவிடத்தான் செய்வார்கள். அப்படிக் கட்டியதெல்லாம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கில் ஏறும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தேர்தல் வந்தால் எங்கள் அச்சகங்களுக்கு ஒரு சட்டம் நினைவூட்டப்படும். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. ஒரு வேட்பாளருக்காக உள்ளங்கை அகலத் துண்டுப் பிரசுரம் அடித்தாலும் அதன் முகப்பில் அச்சிட்டவர் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 26 வருடமாக அதற்குப் பயந்து, அதை மதித்து அடித்துவருகிறேன். ஓட்டுக் கேட்கிற காகிதத்துக்கு யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும் என்பது எவ்வளவு சரியான சட்டம்! என் சட்டைப் பையிலிருந்து பணம் எடுக்கிற ஒரு பலகையில் ஒரு பெயரும் இல்லை.

கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவருகிறவர்கள் அவசரத்தில் முகூர்த்த நேரத்தை விட்டுவிடுவார்கள், மண்டபத்தின் பெயரை எழுதிவிட்டுத் தெருவை விட்டுவிடுவார்கள். நான் அச்சுக்குப் பிளேட் போட மாட்டேன். போன் செய்து கேட்டு, எழுதி வாங்கி, ப்ரூஃப் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மிஷின் ஓடும். தேதி விட்டுப்போன பத்திரிகையை வைத்துக்கொண்டு, ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று ஒருவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வேலை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே அச்சடித்த நோட்டீஸ் தெருவில் இருக்க வேண்டும், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கதவு எண் முதல் எந்தக் கதவு எண் வரை, எந்தப் பக்கம், யார் உத்தரவு, கேட்க எந்த போன் நம்பர் என்ற விவரத்தோடு. திடீரென்று குழாய் உடைந்தால் மூன்று நாள் காத்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அப்போது கதவைத் தட்டட்டும். கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பியும் தண்ணீர் லாரிக்காரரும் வாசலில் நின்று குரல் கொடுக்கிற தெரு இது. அபராதம் போடுகிறவர் வண்டியையும் பலகையையும் ஒரே படத்தில் பிடிக்கட்டும், நோட்டீஸ் ஒட்டிய அன்று எடுத்த படத்தையும் கூடவே சேர்க்கட்டும். அதற்கு மேல் எனக்கு ஆட்சேபம் இருந்தால், அபராதம் போட்ட கை அல்லாத வேறொரு கை அதைப் பார்க்கட்டும். போனிலோ, திரையிலோ, சாயங்காலம் கடை அடைத்த பிறகோ. பார்த்து முடிக்கும் வரை அந்தத் தொகையை வண்டியின் பெயரில் பாக்கியாகக் காட்டாமல் வைத்திருக்கட்டும். மெய்நிகர் நீதிமன்றத்தில் பணம் கட்டத் திரையில் இடம் இருக்கும்போது, படம் ஏற்றவும் நாலு வரி எழுதவும் ஓர் இடம் வைப்பது முடியாத காரியமா?

என் வழக்கின் தேதி வரும்போது போவேன். டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஃபிளெக்ஸ் துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேலை முடிந்த அன்று குப்பையில் போட்டார்கள், எடுத்துவந்து மடிக்காமல் பேப்பர் ரேக்கின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளை இணைத்துள்ளேன். அந்தத் தாளில் இருப்பது நானே கம்போஸ் செய்த மாதிரி நோட்டீஸ். மஞ்சள் தாள், கறுப்பு மை, தேதிக்கும் நேரத்துக்கும் பெரிய கட்டம், கீழே உத்தரவு எண்ணும் பெயரும் போன் நம்பரும். மழையில் கரையாத மை. பத்தடி தள்ளி நின்று வாசித்துப் பார்த்தேன், கண்ணாடி போடாமலே தெரிகிறது. எங்கள் வார்டில் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் விவரத்தை முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுத்தால், மறுநாள் காலை கடை திறக்கும்போது நூறு பிரதி தயாராக இருக்கும். பேப்பர் செலவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்துபவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021.

(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித் தாளில் வைத்துள்ளேன்.)